வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு: இந்தத் திட்டத்தை ஆசிரியரிடம் எப்படிக் கொண்டுபோவது?

நீங்கள் கேட்டது இது: சிறிய உணவகம் நடத்துகிறீர்கள். மாதம் இவ்வளவு என்று வாசித்து முடிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இலவசமாகத் தர ஆசை. நோட்டீஸ் அச்சடித்துச் சுற்றுவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டீர்கள். ஒரு ஆசிரியர்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. இன்னும் நன்றாக விளம்பரம் செய்வது எப்படி? கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டால் நோட்டீஸின் நிறத்தையும் வாசகத்தையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அதனால் பெரிதாக எதுவும் மாறாது. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஏற்கெனவே தலைக்குமேல் வேலை உள்ள ஒரு வகுப்பாசிரியர், உங்கள் திட்டத்தையும் ஏன் எடுத்துச் சுமக்க வேண்டும்? அதற்கு விடை இருந்தால் ஒரு பக்கக் கடிதம் போதும். விடை இல்லையென்றால் எத்தனை ஆயிரம் நோட்டீஸ் போட்டாலும் ஸ்டாஃப் ரூம் மேசையில் தூசிதான் படியும்.

ஆசிரியர் கண்ணில் இந்தத் திட்டம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். முப்பது பிள்ளைகளுக்கு வாசிப்பு அட்டை கொடுக்க வேண்டும், மாதக் கடைசியில் அத்தனையையும் திரும்ப வாங்கிச் சரிபார்க்க வேண்டும், தொலைத்தவனுக்கு இன்னொன்று தர வேண்டும், யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று கணக்கு வைக்க வேண்டும், கூப்பனில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'என் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை' என்று கேட்டு வரும் பெற்றோருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் தருவது சாப்பாடு. அவர் தருவது நேரம். ஆகவே ஆசிரியரின் உழைப்பு மாதத்துக்குப் பத்து நிமிடத்தைத் தாண்டாதபடி திட்டத்தை முதலில் செதுக்குங்கள். பள்ளிப் படியேறுவது அதற்குப் பிறகு.

இந்த யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் பீட்சா ஹட் நிறுவனம் 1984-இல் தொடங்கி, மறு ஆண்டே நாடு முழுவதும் விரித்த 'புக் இட்' திட்டம்தான் இந்த வகையில் எல்லோரும் அறிந்தது. அதன் அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதை ஆசிரியரே வைப்பார். பிள்ளை அதை எட்டினால் ஆசிரியர் ஒரு சான்றிதழ் தருவார். அதைக் கடையில் காட்டினால் ஒருவர் சாப்பிடும் அளவில் ஒரு பீட்சா. நிறுவனம் பெரியது, உங்களுடையது சிறியது என்று தயங்க வேண்டாம். இலக்கை வைக்கும் அதிகாரம் ஆசிரியர் கையில், பரிசைத் தரும் பொறுப்பு கடையின் கையில் என்ற அந்தப் பிரிவினைதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. பல சின்னக் கடைக்காரர்கள் தவறுவதும் அங்கேதான். 'பத்துப் புத்தகம் வாசித்தால் ஒரு சாப்பாடு' என்று தாங்களே அச்சடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும், இதைச் செய்தவருக்கு வகுப்பறை தெரியாது என்று ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உங்கள் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை வைத்தால் நன்றாக வாசிக்கும் பிள்ளை முதல் வாரத்திலேயே முடித்துவிடும், தடுமாறி வாசிக்கும் பிள்ளை தொடங்கும்போதே கைவிட்டுவிடும். புத்தகக் கணக்கு வைத்தால் மெலிந்த புத்தகமாகத் தேடி எடுப்பார்கள், தடித்த நாவலை ஆசையாகத் தொட்டவன் நஷ்டப்படுவான். பக்கக் கணக்கு வைத்தால் படம் நிறைந்த பக்கமும் எழுத்து நெருங்கிய பக்கமும் ஒன்றாகிவிடும். நிமிடக் கணக்கு இவற்றைவிட நியாயமானது. ஆனால் சரிபார்க்க வழியில்லை, கடைசி நாள் இரவில் ஒரே பேனாவில் முப்பது நாளுக்கும் கையெழுத்து விழும். குறையே இல்லாத கணக்கு எதுவும் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் சின்ன வகுப்புகளுக்குப் பெரியவரோடு சேர்ந்து வாசித்த புத்தகங்களின் எண்ணிக்கை, நடு வகுப்புகளுக்கு நிமிடம், பெரிய வகுப்புகளுக்கு அத்தியாயம் என்று கொண்டால் ஓரளவு சரியாக வரும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், மாதத்தில் 20 நாள் என்றால் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். நடுத்தரமாக வாசிக்கும் பிள்ளைக்கு எட்டக்கூடிய, அதே சமயம் கொஞ்சம் முயற்சி கேட்கிற அளவு இது. இதை ஆலோசனையாக மட்டும் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, 'ஒவ்வொரு பிள்ளைக்கும் இலக்கைக் கூட்டவும் குறைக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு' என்று தடித்த எழுத்தில் போடுங்கள். யாராவது வாசித்துக் காட்டக் கேட்டாலும் கணக்கு, ஒலிப்புத்தகம் கேட்டாலும் கணக்கு, எந்த மொழிப் புத்தகமானாலும் கணக்கு. இந்த மூன்றையும் எழுதிவிட்டால், வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளையும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளையும் விட்டுவிடாமல் ஆசிரியர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

'அதிகம் வாசித்த முதல் மூன்று பேருக்குப் பரிசு' என்ற யோசனை வந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். ஏற்கெனவே வாசிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. வாசிக்காதவர்களை அது இன்னும் தள்ளி நிறுத்தும். வகுப்புச் சுவரில் பெயர் எழுதி நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையையும் நீங்களாக அச்சடித்துக் கொடுக்காதீர்கள். நட்சத்திரம் இல்லாத வரிசை யாருடையது என்பது வகுப்பு முழுக்கத் தெரியும். ஆசிரியர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

இனி, நேரில் போகும்போது உங்கள் முன்னால் வைக்கப்படும் கடினமான கேள்வி: 'பரிசு கொடுத்து வாசிக்க வைத்தால், பரிசு நின்றதும் வாசிப்பும் நின்றுவிடாதா?' ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றிப் படித்தவர் நிச்சயம் கேட்பார். இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு எல்லோரும் எடுத்துக்காட்டுவது. படம் வரைவதில் தானாகவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக எடுத்து வரையும் நேரம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. 1999-இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 128 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, முன்கூட்டியே சொல்லித் தரும் பொருள் பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கிறது, மனமாரப் பாராட்டுவது அப்படிக் குறைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கு முன்பே, 1994-இல், கேமரனும் பியர்ஸும் வேறொரு தொகுப்பாய்வு செய்து, இந்தக் கெடுதல் சொல்லப்படுகிற அளவுக்குப் பொதுவானதில்லை என்று வாதிட்டிருந்தார்கள். அந்தச் சண்டை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

நேரடியாக உங்களுக்குப் பொருந்தும் ஆய்வும் ஒன்று உண்டு. 1999-இல் ஃப்ளோரா என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம், சிறுவயதில் வாசிப்புக்காகப் பணமோ பீட்சாவோ வாங்கினீர்களா, இப்போது எவ்வளவு வாசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வாங்கியவர்களின் வாசிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியவர்களான பிறகு நினைவிலிருந்து சொன்ன பதில்கள் என்பதால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெரிய கெடுதல் என்ற அச்சமும், பெரிய நன்மை என்ற வாக்குறுதியும் இரண்டுமே மிகை என்று காட்ட அது போதும். மாறாக, ஃபிரையர் என்ற பொருளியலாளர் டல்லாஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு 2 டாலர் கொடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் சிறு தேர்வும் வைத்துப் பார்த்தார். அங்கே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. 2008-இல் மரினாக், கேம்ப்ரெல் இருவரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பரிசாகப் புத்தகமே பெற்றவர்கள், பொம்மை போன்ற சிறு பொருள் பெற்றவர்களைவிட அதன்பிறகு வாசிப்பதில் ஆர்வம் காட்டினார்கள். வாசிப்புக்கு நெருக்கமான பரிசு வாசிப்பைக் கெடுக்காது என்பது அவர்களின் கருத்து.

ஆகவே ஆசிரியரிடம், 'இதனால் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க வாசிப்பார்கள்' என்று சொல்லாதீர்கள். அது யாருக்கும் நிரூபணமாகாத ஒன்று. 'வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகத்தைக் கையில் எடுக்க ஒரு காரணமும், முடித்ததும் குடும்பத்தோடு கொண்டாட ஒரு நேரமும் தருகிறோம். மூன்று மாதம் பார்ப்போம். உங்களுக்குச் சரியாகப் படவில்லையென்றால் நிறுத்திவிடலாம்' என்று சொல்லுங்கள். மனமாரப் பாராட்டுவது ஆர்வத்தைக் குறைப்பதில்லை என்று மேலே பார்த்தோமே, அதைத் திட்டத்துக்குள்ளேயே வைக்கவும் முடியும். சான்றிதழோடு வரும் பிள்ளையிடம் உங்கள் ஆள், 'என்ன வாசித்தாய்? அதில் யாரைப் பிடித்தது?' என்று ஒரு கேள்வி கேட்டு இரண்டு நிமிடம் நின்று கேட்கட்டும். காசு செலவில்லாத பகுதி இது. சாப்பாட்டைவிட இதுதான் பிள்ளைக்கு நினைவிருக்கும் என்று நான் நம்புகிறேன். கடை ஓரமாக ஒரு அலமாரித் தட்டில் முப்பது நாற்பது பழைய புத்தகங்களை வைத்து, வருகிற பிள்ளை ஒன்றை எடுத்துப் போகலாம் என்று விட்டால் இன்னும் நல்லது.

பள்ளிக்குள் நுழையும் வழிக்கு வருவோம். வகுப்பாசிரியரை நேராகப் போய்ப் பார்ப்பது பெரும்பாலும் தவறு. அனுமதி தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. வெளியாள் ஒருவர் தந்த தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பழி அவர் மேல்தான் வரும். முதலில் தலைமையாசிரியரிடம் பத்து நிமிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். அவர் சரி என்றதும், 'நூலகப் பொறுப்பு யாரிடம்? மொழிப் பாடம் நடத்துகிறவர்களில் யாருக்கு இதில் ஆர்வம் இருக்கும்?' என்று கேளுங்கள். அந்த ஒருவர்தான் உங்களுக்கு வேண்டியவர். பள்ளி முழுவதையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பள்ளி, இரண்டு அல்லது மூன்று வகுப்பு, ஒரு பருவம். ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் மூன்று மாதம் நடத்தி, ஸ்டாஃப் ரூமில் 'தொந்தரவில்லாமல் நடக்கிறது' என்று சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு ஈடான விளம்பரம் கிடையாது. அடுத்த பள்ளிக்குப் போகும்போது, அவர் சம்மதித்தால், 'இவரிடம் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லலாம்.

எப்போது போவது? கல்வியாண்டு தொடங்கிய முதல் வாரத்தில் போகாதீர்கள். சேர்க்கை, பாடநூல், கால அட்டவணை என்று யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. தேர்வுக்கு முந்தைய மாதமும் ஆகாது. திட்டம் தொடங்க வேண்டிய நாளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் போனால், தலைமையாசிரியர் மேலிடத்தில் கேட்க வேண்டியிருந்தால் கேட்கவும், ஆசிரியர் தன் மாதத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் நேரம் இருக்கும். நாளின் நேரமும் முக்கியம். பள்ளி விட்டு அரை மணி கழித்துப் போனால் நின்று பேசுவார்கள். இடைவேளையில் போனால் உங்கள் தாளை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

கையில் கொண்டுபோகும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கடையின் படமும் விலைப்பட்டியலும் அதில் வேண்டாம். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: 'வணக்கம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஊக்கப்படுத்த மூன்று மாதத் திட்டம் ஒன்றை முன்வைக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாத இலக்கை நீங்களே வைப்பீர்கள். இலக்கை எட்டியவருக்கு நாங்கள் தந்துள்ள சான்றிதழில் பெயர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். சான்றிதழுக்கு எங்கள் உணவகத்தில் ஒரு சிறுவர் உணவு இலவசம். வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாசிப்பு அட்டைகள், சான்றிதழ்கள், பெற்றோர் கடிதம் அனைத்தையும் நாங்களே அச்சிட்டு வகுப்பு வாரியாகக் கொண்டுவந்து தருவோம். பிள்ளைகளின் முகவரியோ தொலைபேசி எண்ணோ எங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு மாதம் பத்து நிமிட வேலை இருக்கும். விரும்பினால் இந்த எண்ணுக்கு வகுப்பையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மட்டும் அனுப்புங்கள்.' கீழே ஒரே ஒருவரின் பெயர், ஒரே ஒரு எண். யாரைக் கேட்பது என்ற குழப்பமே இருக்கக் கூடாது.

சம்மதம் கிடைத்ததும் வகுப்புக்கு ஒரு உறை கட்டுங்கள். உறை மேல் ஆசிரியர் பெயரும் வகுப்பும். உள்ளே, முப்பது பிள்ளைகள் என்றால் மாதத்துக்கு முப்பத்தைந்து வாசிப்பு அட்டைகள், ஏனென்றால் தொலைப்பார்கள். சான்றிதழ்களை மாதம் வாரியாகத் தனித்தனி ரப்பர் பேண்டு போட்டு, மாதத்துக்கு ஒரு நிறத்தில் வையுங்கள். பெற்றோர் கடிதம் பாதிப் பக்கம் போதும். வாசிப்பு அட்டையில் ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான். புத்தகப் பெயர், ஆசிரியர் பெயர், பக்கம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், கதைச் சுருக்கம் என்று ஏழு கட்டம் போட்டால் வாசிப்பைவிட எழுத்து வேலை பெரிதாகி, பிள்ளை புத்தகத்தையே வெறுக்கும். கையெழுத்துக்கான இடத்தில் 'பெற்றோர்' என்று மட்டும் போடாமல் 'பெரியவர் ஒருவர்' என்று போடுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு நூலகரோ ஆசிரியரோ அண்ணனோ அக்காவோ போட்டுத் தரலாம்.

நடுவில் ஆசிரியரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் முன்னால் ஒரே ஒரு குறுஞ்செய்தி: 'இந்த மாதச் சான்றிதழ் நீல நிறம். குறைந்தால் சொல்லுங்கள், நாளையே கொண்டுவருகிறேன்.' அவ்வளவுதான்.

இனிக் கடைக்குள் நடப்பது. ஆசிரியரிடம் சம்பாதித்த நம்பிக்கை போவது பெரும்பாலும் பில் கவுண்டரில்தான். பிள்ளை சான்றிதழை நீட்டுகிறது. கல்லாவில் இருப்பவர் புது ஆள். 'இது என்ன? எனக்குத் தெரியாதே, முதலாளி வரட்டும்' என்கிறார். மறுநாள் காலை அந்தப் பிள்ளை ஆசிரியரிடம் போய்ச் சொல்லும். அந்த ஆசிரியர் அடுத்த மாதம் உறையைத் திறக்க மாட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் அன்றைக்கே செய்தி போய்விடும். ஆகவே சான்றிதழின் மாதிரி ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி, அதன் கீழே மூன்று வரி எழுதுங்கள்: இந்த உணவு தர வேண்டும், பணம் கேட்கக் கூடாது, வாங்கிக் கிழித்து இந்தப் பெட்டியில் போட வேண்டும். பகல் ஆள், இரவு ஆள், விடுமுறை நாளில் மட்டும் வருபவர் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். பில் போடும் இயந்திரத்தில் இதற்கென்று ஒரு பொத்தானோ குறியீடோ வைத்துவிட்டால் கணக்கும் தானாக வரும். காலாவதி தேதி இரண்டு நாள் தாண்டியிருந்தாலும், கையெழுத்து மங்கியிருந்தாலும் கொடுத்துவிடுங்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பிள்ளையை அழவைத்து அனுப்பக் கூடாது. நகல் எடுத்துவிடுவார்கள் என்று பயமிருந்தால் சான்றிதழில் வரிசை எண்ணைக் கையால் முத்திரை குத்துங்கள். மாதத்துக்கொரு நிறமும் பள்ளி முத்திரையும் சேர்ந்தால் போதுமான காவல்.

செலவைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். நான்கு வகுப்பு, வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் என்றால் 120 பேர். நான்கு மாதம் நடந்தால் அதிகபட்சம் 480 சாப்பாடு. எல்லோரும் எட்ட மாட்டார்கள், எட்டியவர்களும் எல்லோரும் வர மாட்டார்கள். ஆனாலும் 480 சாப்பாடும் தர வேண்டி வந்தால் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதியில் நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிட மோசம். பட்டியல் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். மளிகை, எரிபொருள், பாத்திரம் கழுவும் கூலி என்று உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவை எடுங்கள். பிள்ளை தனியாக வராது, கூட ஒருவரோ இருவரோ வருவார்கள், அவர்கள் காசு கொடுத்துச் சாப்பிடக்கூடும். உங்களுக்கு வரவேண்டிய ஆதாயம் அதுதான், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 'பெரியவர் ஒரு சாப்பாடு வாங்கினால்தான் பிள்ளைக்கு இலவசம்' என்று நிபந்தனை போட்ட நிமிடமே அது பரிசாக இல்லாமல் தள்ளுபடிக் கூப்பனாகிவிடும். கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளை அந்தச் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும், வீட்டில் காட்டாது. ஆசிரியர்கள் இதை நன்றாக அறிவார்கள், அதனாலேயே நிபந்தனையுள்ள திட்டங்களைத் தொட மாட்டார்கள்.

கூட்டமும் கவனிக்க வேண்டியது. நூறு சான்றிதழும் ஒரே நாளில் பிள்ளைகள் கைக்குப் போனால், அடுத்த விடுமுறை நாள் பகலில் எல்லோரும் சேர்ந்து வருவார்கள். வகுப்புக்கு ஒரு வாரம் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்பதைவிட, சான்றிதழின் செல்லுபடிக் காலத்தை ஆறு வாரமாக வைப்பது எளிது. வேலை நாளில் மட்டும்தான் என்று கட்டுப்படுத்தாதீர்கள். தினக்கூலிக்கும் ஷிப்டுக்கும் போகும் பெற்றோரால் அப்போது வர முடியாது. மிக நெரிசலான ஓரிரு மணி நேரத்தை மட்டும் விலக்கி, அதையும் சான்றிதழிலேயே தெளிவாக அச்சிடுங்கள்.

எந்த ஏற்பாடு செய்தாலும் உங்கள் கடைக்கு வரவே முடியாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். தூரம், அழைத்துவர ஆளில்லாமை, உணவு ஒவ்வாமை, சமய வழக்கம், வீட்டு வைராக்கியம் என்று காரணம் பலவாக இருக்கும். அவர்களுக்காகச் சான்றிதழின் மறுபக்கத்தில், 'உணவுக்குப் பதில் ஒரு புத்தகம் வேண்டுமானால் ஆசிரியர் இங்கே குறியிடலாம்' என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள். ஒரு சாப்பாட்டுச் செலவில் ஒரு சிறுவர் புத்தகம் கிடைத்துவிடும். நீங்களே வாங்கி ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன 2008 ஆய்வை வைத்துப் பார்த்தால், வாசிப்பு ஆர்வத்துக்கு இந்தப் பரிசே சாப்பாட்டைவிடப் பொருத்தமானதாகவும் இருக்கலாம்.

சட்டம், நெறி பற்றிச் சில வார்த்தை. பள்ளிக்குள் உணவு விளம்பரம் என்பது பல இடங்களில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டு விதிப்படி, பள்ளி நேரத்தில் வளாகத்துக்குள் ஊட்டச்சத்து வரையறைக்கு உட்பட்ட உணவை மட்டுமே விளம்பரப்படுத்தலாம். இந்தியாவில் 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறை, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடுக்கிறது. உங்கள் இடத்தில் என்ன விதி என்பதைத் தலைமையாசிரியர் மூலமாகக் கல்வி அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள், எங்கோ படித்ததை நம்பி இறங்காதீர்கள். வரிக் கணக்கில் இந்த இலவசச் சாப்பாட்டை எப்படிக் காட்டுவது என்பது உங்கள் கணக்காளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. சமைத்த காய்கறியும் பழமும் உள்ள எளிய சிறுவர் தட்டாக ஒன்றை முடிவு செய்துவிட்டால் பாதி ஆட்சேபம் எழவே எழாது. சான்றிதழில் கடைப் பெயர் சிறிதாக ஓர் ஓரத்தில் இருக்கட்டும், பிள்ளையின் பெயர் நடுவில் பெரிதாக இருக்கட்டும். 2007-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் செமினோல் கவுண்டியில் மதிப்பெண் அட்டையின் உறையிலேயே ஒரு துரித உணவு நிறுவனத்தின் பரிசு விளம்பரத்தை அச்சிட்டார்கள். பெற்றோர் எதிர்ப்பு நாடறிந்த செய்தியாகி, அடுத்த மாதமே அந்த நிறுவனம் பின்வாங்கியது. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்ததைப் பற்றி எழுந்த எதிர்ப்பைவிட, பள்ளியின் அதிகாரபூர்வத் தாளில் விளம்பரம் ஏறியதற்கு எழுந்த எதிர்ப்பு பெரியது. ஆசிரியருக்குத் தனியாகத் தள்ளுபடியோ அன்பளிப்போ தருவதும் வேண்டாம். நல்லெண்ணத்தில் தந்தாலும், பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பக் கூலி வாங்கினார் என்ற பேச்சு வந்தால் அடிபடுவது அவர்தான். சான்றிதழோடு வரும் பிள்ளையைப் படமெடுத்துக் கடையின் பக்கத்தில் போடுவதும் கூடாது, பெற்றோர் எழுதித் தந்தாலொழிய.

முதல் மாதம் முடிந்ததும் ஆசிரியரை ஐந்து நிமிடம் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சான்றிதழ் கொடுத்தீர்கள்? உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? எந்தப் பிள்ளை விடுபட்டது? கொடுத்தது எண்பது, கடைக்கு வந்தது முப்பது என்றால் பிள்ளைகளைக் குறை சொல்லாமல் காரணம் தேடுங்கள். நேரம் ஒத்துவரவில்லையா, தூரமா, பெற்றோர் கடிதம் வீட்டுக்குப் போகவே இல்லையா, கவுண்டரில் யாராவது முகம் சுளித்தார்களா? நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் போயிருந்தால் எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே கேளுங்கள். சான்றிதழில் வகுப்பின் பெயரை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தால்கூட முப்பது முறை எழுதும் வேலை மிச்சம். பிள்ளைகள் அதனால் அதிகம் வாசித்தார்களா என்பதை உங்கள் கல்லாப் பெட்டிச் சீட்டுகள் சொல்லாது. அதை ஆசிரியரின் கண்தான் சொல்லும், அதுவும் மதிப்பீடாகத்தான்.

திட்டத்தைத் தொடர முடியாத நிலை வந்தால், பருவம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆசிரியர்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். நடுவில் சமையற்காரர் மாறலாம், விலைவாசி ஏறலாம், இடம் மாறலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏற்கெனவே பிள்ளைகள் கையில் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆறு வாரமும் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். கடைசிச் சான்றிதழின் தேதி முடியும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிய அந்த மாதிரியைக் கிழிக்காதீர்கள்.